பழைய பயனெட்டும் அதன் உறையும்: கேள்வி பதில்

பழைய இராணுவத் துப்பாக்கிகளின் பயனெட்டுகளை, அதாவது துப்பாக்கி முனையில் மாட்டும் கத்திகளைச் சேகரிப்பவர்களும், வீட்டில் ஒன்று கிடைத்து என்ன செய்வதென்று யோசிப்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு முடிந்தவரை பதில் தருகிறேன். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: என்னிடம் உள்ள பயனெட்டில் கிரீடமும் அதன் கீழே 1907 என்றும் இருக்கிறது. அப்படியானால் இது முதல் உலகப் போருக்கு முந்தையதுதானே?

அவசியமில்லை. 1907 என்பது பிரிட்டனில் இந்த மாதிரி அங்கீகரிக்கப்பட்ட ஆண்டு. உங்கள் கையில் இருக்கும் துண்டு செய்யப்பட்ட ஆண்டு வேறாக இருக்கலாம். அலகும் கைப்பிடியும் சேருமிடத்தில் கூர் தீட்டாமல் தட்டையாக ஒரு பகுதி விட்டிருக்கும். ரிக்காசோ என்பார்கள். அங்கே 1907-க்குக் கீழே சின்ன எழுத்தில் ஓர் எண்ணும் அதன் பக்கத்தில் இரண்டு இலக்கமும் இருக்கிறதா பாருங்கள். 5, 17 என்று இருந்தால் 1917 மே மாதம். அதற்கும் கீழே தயாரிப்பாளர் பெயர் இருக்கும்: வில்கின்சன், சாண்டர்சன், சாப்மேன், மோல், விக்கர்ஸ் என்று ஏதாவது ஒன்று. கிரீடத்தின் கீழ் ஈ.ஆர். என்று இருந்தால் ஏழாம் எட்வர்ட் காலம், அதாவது 1910 வரை. ஜி.ஆர். என்றால் அதற்குப் பின்.

அலகைத் திருப்பி மறுபக்கத்தையும் பாருங்கள். அகன்ற அம்புக்குறி இருந்தால் அது அரசாங்கச் சொத்து என்று பொருள். எக்ஸ் குறி, அலகை வளைத்துப் பார்த்து அது தேறியது என்பதற்கான முத்திரை. கிரீடத்தோடு எண்ணும் எழுத்தும் சேர்ந்த பொடி முத்திரைகள் சோதனை அதிகாரிகளுடையவை. வேறொரு ஆண்டின் இரண்டு இலக்கம் தனியாகக் குத்தியிருந்தால், பழுது பார்த்து மறுபடி வழங்கியிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். இத்தனையும் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குள் அடங்கியிருக்கிறது. அதனால்தான் அந்த இடத்தில் உப்புத்தாள் படவே கூடாது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

கேள்வி: அலகு முழுக்கப் பழுப்பும் கறுப்புமாக இருக்கிறது. பஃபிங் சக்கரத்தில் பிடித்துக் கண்ணாடி மாதிரி ஆக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். இந்தப் பொழுதுபோக்கில் போரில் கெட்ட பயனெட்டுகளை விட, நல்ல எண்ணத்தோடு பளபளப்பாக்கிக் கெடுத்தவைதான் என் கண்ணில் அதிகம் படுகின்றன. சக்கரம் முதலில் தின்பது முத்திரைகளின் விளிம்பை. அடுத்து அலகின் மூலைகள் மழுங்கும். தொழிற்சாலையில் அரைத்த நுண்கோடுகள் போய்விடும். இழந்ததை எதனாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

துருவில் இரண்டு வகை உண்டு. சிவந்து, விரலில் ஒட்டுவது உயிரோடு இருக்கும் துரு. அதை நிறுத்தியாக வேண்டும். கரும்பழுப்பாக, வழவழப்பாக, கையில் எதுவும் ஒட்டாமல் இருப்பது காலம் போட்ட மேற்பூச்சு. அது அப்படியே இருக்கட்டும். சிவப்புத் துருவுக்கு மெல்லிய இயந்திர எண்ணெயைப் பூசி ஓரிரு நாள் ஊறவிடுங்கள். பிறகு துணியால் துடையுங்கள். மிச்சமிருந்தால் நான்கு சுழி (0000) என்று சொல்லும் மிக நுண்ணிய எஃகுப் பஞ்சை எண்ணெயில் நனைத்து, அழுத்தாமல், அலகின் நீளவாக்கில் தேயுங்கள். முத்திரைப் பக்கம் போக வேண்டாம். அங்கே மூங்கில் குச்சியும் எண்ணெயும் போதும். கடைசியில் எண்ணெயைத் துடைத்துவிட்டு நுண்படிக மெழுகை மெல்லிதாகப் பூசுங்கள். ரினசான்ஸ் மெழுகு பலருக்கும் தெரிந்திருக்கும். பிரிட்டிஷ் மியூசியத்தின் பாதுகாப்புப் பணிக்காக உருவானது அது.

மரப் பிடிக்கும் இதே எச்சரிக்கைதான். மணல்தாள் வேண்டாம், வார்னிஷ் வேண்டாம். அழுக்கைத் துடைத்துவிட்டு, மரம் மிகவும் காய்ந்திருந்தால் மட்டும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் சில துளிகளைக் கையால் தேய்த்துவிடுங்கள்.

கேள்வி: அலகில் நீளமாக ஓடும் பள்ளம் இரத்தம் வடிவதற்காகவா?

இல்லை. அலகின் எடையைக் குறைப்பதற்காக, அதே சமயம் விறைப்பு குறையாமல் இருப்பதற்காக. இரத்தக் கதையெல்லாம் பின்னால் கட்டியது.

கேள்வி: கொக்கி வைத்த 1907 மாதிரி ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. அபூர்வம் என்கிறார்கள். எப்படி நம்புவது?

அபூர்வம்தான். அதனால்தான் போலியும் அதிகம்.

வரலாற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் அரிசாக்கா துப்பாக்கிக்கு 1897-இல் வந்த முப்பதாம் வகை பயனெட்டைப் பார்த்துத்தான் பிரிட்டன் 1907 மாதிரியை உருவாக்கியது. 40 சென்டிமீட்டர் அலகும், குறுக்குக் காப்பின் (அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவே குறுக்காக இருக்கும் இரும்பு) கீழே வளைந்த கொக்கியும் உள்ளது அந்த ஜப்பானியது. பிரிட்டிஷ் அலகு 17 அங்குலம், ஏறக்குறைய 43 சென்டிமீட்டர். 1913-இல் கொக்கி தேவையில்லை என்று முடிவெடுத்தார்கள். ஏற்கெனவே செய்தவை பழுதுபார்க்க வந்தபோதெல்லாம் கொக்கியை வெட்டிவிட்டார்கள். தப்பியவை கொஞ்சம்தான்.

ஆகவே முதலில் தேதியைப் பாருங்கள். பிரிட்டிஷ் தயாரிப்பில் 1915, 1916 என்று இருந்து கொக்கியும் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆஸ்திரேலியாவின் லித்கோ ஆலை இதில் கொஞ்சம் வேறுபடும். அங்கே கொக்கி வைத்துச் செய்வது சிறிது காலம் தொடர்ந்தது. அடுத்து, கொக்கியும் குறுக்குக் காப்பும் ஒரே இரும்பாக இருக்க வேண்டும். பற்றவைத்த இடத்தில் நிறம் மாறியிருக்கும், அல்லது அரத்தால் இழைத்த கோடுகள் குறுக்கே ஓடும். வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்தால் தெரிந்துவிடும். வெட்டிய கொக்கியின் அடித்தழும்பு மேல் புதிதாக ஒட்ட வைத்ததும் உண்டு.

கைப்பிடியின் கடைசியில் உள்ள குமிழில் ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். அழுக்கு வெளியேறுவதற்காக 1916 முதல் அதைப் போட ஆரம்பித்தார்கள், பழையவற்றிலும் பிறகு துளைத்தார்கள். ஓட்டை இருந்தால் மட்டும் போலி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பட்டறைக்குப் போய் ஓட்டை வாங்கி வந்தது, கொக்கியை மட்டும் எப்படிக் காப்பாற்றிக்கொண்டது என்ற கேள்வியை விற்பவரிடம் கேட்கலாம். ஓட்டையும் இல்லாமல், தேதியும் பொருந்தி, கொக்கியும் ஒரே இரும்பாக இருந்தால் நிம்மதியாக வாங்குங்கள்.

கேள்வி: உறை இல்லாமல் பயனெட் மட்டும் வாங்கலாமா? உறையைப் பிறகு தேடிக்கொள்ளலாம் அல்லவா?

வாங்கலாம். ஆனால் உறையைச் சும்மா கூடவரும் பொருளாக நினைத்தால், பாதிக் கதையை விட்டுவிடுகிறீர்கள். தோல் உறை கிழியும், நனையும், சுருங்கும். படைக்குள்ளேயே மாற்றிக்கொண்டே இருந்தார்கள். எனவே 1907 மாதிரிக்கு அதே காலத்து, அதே வகைத் தோல் உறை இருந்தால் போதும். எண் பொருத்தம் தேட வேண்டியதில்லை.

ஜெர்மனியின் 84/98 அப்படியல்ல. மவுசர் 98கே துப்பாக்கிக்கு உரிய பயனெட் இது. அலகிலும் எஃகு உறையிலும் ஒரே வரிசை எண் குத்தியிருப்பார்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அந்த இணை தொடக்கத்திலிருந்து பிரியவில்லை என்று கொள்ளலாம். பிரான்சின் 1866 சஸ்ஸபோ, 1874 கிரா துப்பாக்கிகளின் பயனெட்டுகளிலும் குறுக்குக் காப்பில் ஓர் எண், உறையில் ஓர் எண். இவற்றுக்கு எண் பொருந்துவது பெரிய விஷயம். எண் பொருந்தாத உறையைப் பொருந்துவதாக்க, பழைய எண்ணை இழைத்துவிட்டுப் புதிதாகக் குத்துகிறவர்களும் இருக்கிறார்கள். எண்ணைச் சுற்றி உலோகம் சற்றுப் பள்ளமாகத் தெரிந்தாலோ, இரண்டு இடத்து இலக்கங்களின் வடிவம் மாறினாலோ விலகிவிடுங்கள்.

சஸ்ஸபோ பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். அந்த அலகின் முதுகைக் கட்டாயம் பாருங்கள். செயின்ட் எத்தியேன், ஷாத்தல்ரோ, துல் போன்ற ஆயுதசாலையின் பெயரும் செய்த காலமும் சாய்வெழுத்தில் செதுக்கியிருக்கும். வளைந்த அலகும் பித்தளைப் பிடியும் அந்த எழுத்தும் சேர்ந்து பார்க்க அவ்வளவு அழகு. புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு நான் மனதாரச் சொல்வது இதைத்தான்.

கேள்வி: ருஷ்ய மோசின் துப்பாக்கியின் பயனெட்டுக்கு உறை எங்கே தேடுவது?

தேட வேண்டாம். 1891 மாதிரியைத் துப்பாக்கியில் மாட்டியபடியேதான் வைத்திருந்தார்கள். குறிபார்க்கும் அளவையே பயனெட் மாட்டிய நிலையில் சரிசெய்தார்கள். ருஷ்யப் படை பொதுவாக உறை கொடுக்கவில்லை. உறையோடு வந்தால் அது பெரும்பாலும் கைப்பற்றிப் பயன்படுத்திய வேறு நாட்டினர் செய்தது. அதுவும் தனியாகப் படிக்க வேண்டிய சுவையான துறை.

கேள்வி: அலகு உறைக்குள் சிக்கிக்கொண்டது. சுத்தியலால் தட்டலாமா?

கூடாது. உறைவாயை மேல்நோக்கி நிறுத்தி, மெல்லிய ஊடுருவும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பல நாள் காத்திருங்கள். பல ஜெர்மன் உலோக உறைகளில் உறைவாயைப் பிடித்து வைக்கும் திருகு ஒன்று இருக்கும். அதைச் சரியான அளவுத் திருப்புளியால் கழற்றினால் உள்ளிருக்கும் வில்தகடோடு அலகு வெளியே வரும். தோல் உறை என்றால் எண்ணெயை ஊற்றாதீர்கள், தோல் கெட்டுவிடும். நேராக, திருகாமல், மெதுவாக இழுத்துப் பாருங்கள். வராவிட்டால் தோல் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கேள்வி: அலகை வெட்டிக் குட்டையாக்கிய பயனெட் கிடைத்தது. இதற்கு மதிப்பே இல்லை என்று நண்பர் சொல்கிறார்.

யார் வெட்டினார்கள் என்பதைப் பொறுத்தது. வீட்டில் யாரோ தோட்டக் கத்தியாக்க வெட்டியிருந்தால் நண்பர் சொல்வது சரி. ஆனால் படைகளே நிறைய வெட்டியிருக்கின்றன. அமெரிக்காவின் 1905 மாதிரியின் 16 அங்குல அலகை இரண்டாம் உலகப் போரில் 10 அங்குலமாக வெட்டினார்கள். அதை, புதிதாகவே 10 அங்குலத்தில் செய்த எம்1 என்ற பயனெட்டிலிருந்து பிரிப்பது சுலபம்: வெட்டியதில் நீள்பள்ளம் முனை வரை ஓடி வெளியேறும், புதிதாகச் செய்ததில் முனைக்கு முன்பே நின்றுவிடும். இந்தியாவில் இஷாபூர் தொழிற்சாலையும் அதே போரின்போது 1907 மாதிரியை 12 அங்குலத்துக்குக் குறைத்தது. இவையெல்லாம் முறையான இராணுவ மாற்றங்கள். முத்திரையையும் முனையை வடிவமைத்த நேர்த்தியையும் பாருங்கள்.

கேள்வி: ஜெர்மன் பயனெட்டின் முதுகில் இரம்பப் பற்கள் இருப்பது கொடூரக் காயம் ஏற்படுத்தத்தானே?

அப்படித்தான் எதிர்த்தரப்பில் பிரசாரம் செய்தார்கள். உண்மையில் அது மரம் அறுக்கும் கருவியாகத்தான் வைக்கப்பட்டது. கண்டனம் பெருகியதால் 1917 வாக்கில் பற்களைச் சாணையில் தேய்த்து எடுக்கச் சொன்னார்கள். அதனால் 98/05 என்ற ஜெர்மன் மாதிரியின் அலகுகளில் சிலவற்றின் முதுகு கைப்பிடிப் பக்கம் உள்ளதை விடக் குறுகியிருக்கும். அதைப் பார்த்துச் சேதம் என்று ஒதுக்கிவிடாதீர்கள், அதுவும் வரலாறு. முதுகில் கிரீடமும் டபிள்யூ எழுத்தும் இரண்டு இலக்கமும் இருந்தால், கெய்சர் வில்லியம் காலத்தில் ஏற்றுக்கொண்ட ஆண்டு அது. பற்களைப் பின்னால் வெட்டி அபூர்வம் என்று விற்பதும் நடக்கிறது. பற்களுக்கு இடையே உள்ள உலோகம் மற்ற இடத்தைவிடப் புதிதாக மின்னினால் வேண்டாம்.

கேள்வி: அமெரிக்க 1917 மாதிரி பயனெட் என் பிரிட்டிஷ் லீ என்ஃபீல்டு துப்பாக்கியில் மாட்டவில்லை. ஏன்?

அது வேறு துப்பாக்கிக்கு உரியது. பிரிட்டிஷ் 1907 மாதிரியோடு குழப்பம் வரக்கூடாது என்றுதான் மரப் பிடியில் குறுக்காக இரண்டு பள்ளம் வெட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: தோல் உறையில் செம்மண் பொடி மாதிரி உதிர்கிறது. எண்ணெய் போடட்டுமா?

போடாதீர்கள். தோலின் நார் அமிலத்தால் சிதைந்துவிட்டது. எண்ணெய் அதைக் கறுப்பாக்கிப் பிசுபிசுப்பாக்குமே தவிர குணப்படுத்தாது. கொழுப்பு பித்தளையோடு சேர்ந்தால் பச்சைக் களிம்பும் வரும். பாதுகாப்பு வல்லுநர்கள் ஹைட்ராக்சிபுரொப்பில் செல்லுலோஸை ஆல்கஹாலில் கரைத்துப் பூசி உதிர்வதைக் கட்டுவார்கள். முதலில் தெரியாத மூலையில் சோதித்துப் பாருங்கள். தோல் நிறம் மாறலாம்.

இதோடு சேர்ந்ததுதான் அடிக்கடி வரும் இன்னொரு கேள்வி: உறைக்குள்ளேயே வைக்கலாமா? நெடுநாள் வைக்க வேண்டாம். தோல் ஈரத்தை இழுத்துப் பிடிக்கும், பதனிடப் பயன்படுத்திய பொருள்கள் எஃகை அரிக்கும். அலகையும் உறையையும் அருகருகே வைத்து எந்த உறை எதனுடையது என்று ஒரு சீட்டில் எழுதிவிடுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையும் இருக்கட்டும். அலகை வெறும் கையால் தொட்டால் உடனே துடையுங்கள், வியர்வைத் தடம் விரல் ரேகையோடு துருப்பிடிக்கும்.

கேள்வி: கூர் தீட்டியிருந்தால் போருக்குப் போனது என்று அர்த்தமா?

போயிருக்கலாம். பல படைகளில் வழங்கும்போது மழுங்கலாகவே கொடுத்து, போர்முனைக்குக் கிளம்பும் முன் தீட்டினார்கள். படைக் கருமான் தீட்டியது சீராக, ஒரே கோணத்தில் இருக்கும். வீட்டுச் சாணை என்றால் அலையலையாகத் தெரியும். நீங்கள் தீட்டாதீர்கள்.

கேள்வி: தாத்தா போரிலிருந்து கொண்டு வந்த ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. விற்கலாமா, வைத்துக்கொள்ளலாமா?

அது உங்கள் குடும்பத்தின் முடிவு. எதுவானாலும் அதற்கு முன் ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். அவர் எந்தப் படைப்பிரிவில், எந்த ஆண்டுகளில், எங்கே இருந்தார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். சேவைப் பதிவேடோ புகைப்படமோ இருந்தால் நகல் எடுத்துச் சேர்த்து வையுங்கள். பிறகு கைப்பிடிக் குமிழிலும் குறுக்குக் காப்பிலும் எண்களும் எழுத்துகளும் இருக்கின்றனவா பாருங்கள். பிரிட்டிஷ், ஜெர்மன் துண்டுகளில் படைப்பிரிவு முத்திரை அங்கேதான் இருக்கும். அது அவர் பிரிவோடு பொருந்தினால் அவர் தானே பயன்படுத்தியதாக இருக்கலாம். எதிரி நாட்டு முத்திரையாக இருந்தால் நினைவுப் பொருளாக எடுத்து வந்திருப்பார்.

வைத்திருக்கவும், வெளியே எடுத்துச் செல்லவும், தபாலில் அனுப்பவும் நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. சில இடங்களில் அலகின் நீளத்தைப் பொறுத்து உரிமம் வேண்டும். வாங்கும் முன்பே, விற்கும் முன்பே உங்கள் ஊர்க் காவல்துறையிடம் கேட்டுவிடுங்கள். விற்பதாக முடிவெடுத்தால் எழுதி வைத்த தாளையும் பயனெட்டோடு கொடுங்கள், ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவர் சேகரிப்பவராக இருந்தால் அந்தத் தாளுக்காகவே கூடுதலாகக் கொடுப்பார்.