நியோகேட்டகுமனல் வழி: குறை போதனையிலா, நடைமுறையிலா?

இந்தக் கத்தோலிக்கப் பொதுநிலையினர் இயக்கத்தின் குறை போதனையிலா, நடைமுறையிலா என்ற கேள்விக்கு, நடைமுறையில்தான் என்பேன். 1964-இல் மாட்ரிட்டின் குடிசைப் பகுதியில் கீகோ அர்குவேயோவும் கார்மென் எர்னாந்தஸும் தொடங்கிய இவ்வழி, திருமுழுக்குப் பெற்றவர்களைப் பல ஆண்டுகள் படிப்படியாக மறைக்கல்வியில் நடத்துகிறது; அந்த நோக்கம் தொன்மைத் திருச்சபையின் மரபுதான். ஆனால் சனிக்கிழமை மாலைகளில் பங்கு (உள்ளூர்க் கோவில்) மக்களிடமிருந்து பிரிந்து, மேசையைச் சுற்றி அமர்ந்தபடியே நற்கருணை உட்கொண்ட வழக்கத்தை மாற்றச் சொல்லி 2005 டிசம்பரில் வத்திக்கானின் திருவழிபாட்டுத் துறைத் தலைவராயிருந்த கர்தினால் அரின்சே கடிதம் எழுதி, இரண்டாண்டு அவகாசம் தர வேண்டியிருந்தது. 2008-இல் வத்திக்கான் இதன் சட்டதிட்டங்களை இறுதியாக ஏற்றபோதும், 2010-இல் ஜப்பான் ஆயர்கள் தங்கள் நாட்டில் இதை ஐந்தாண்டு நிறுத்திவைக்கக் கோரினர், உரோமை இணங்கவில்லை. எனக்கு அதிகம் உறுத்துவது ‘ஆய்வு’ என்னும் கட்டம்: ஒப்புரவு அருட்சாதனத்தில் (பாவ அறிக்கையில்) குருவிடம் மட்டும் சொல்ல வேண்டியதைக் குழுவினர் முன்னிலையில் மறைக்கல்வியாளர் கேட்கிறார் என்பதே விலகியவர்கள் பலரின் முறையீடு, அங்கே கேட்பவருக்கு அருட்சாதன இரகசியக் கடமையும் கிடையாது.