இடது காதுக்கு நாற்பது நிமிடம்

அன்புள்ள சார்,

உங்கள் கட்டுரைகளை நான்கைந்து வருடமாக வாசிக்கிறேன். எனக்கு இந்தக் கருவிப் பைத்தியம் பிடித்ததில் உங்களுக்கும் பங்கு உண்டு. இரண்டு வருடம் முன்பு ஒரு இயர்பட்ஸ் வாங்கினேன். வாங்கும் முன் ஒரு மாதம் காணொளிகளாகப் பார்த்து, எதில் என்ன இருக்கிறது என்று பட்டியலெல்லாம் போட்டேன். இப்போது வலது காது மூன்று மணி நேரம் தாங்குகிறது. இடது காது நாற்பது நிமிடத்தில் 'பேட்டரி லோ' என்று சொல்லிவிட்டு அணைந்துவிடுகிறது.

நான் இருக்கும் ஒரு இணையக் குழுவில் இதைச் சொன்னேன். அறுபது பதில் வந்தது. பாதிப் பேர் எனக்கு சார்ஜ் போடத் தெரியவில்லை என்றார்கள். மீதிப் பேர் வேறொரு கம்பெனியின் பேரைச் சொல்லி, அதை வாங்கியிருக்க வேண்டும் என்றார்கள். அப்புறம் இரண்டு கட்சியும் தங்களுக்குள் சண்டை போட ஆரம்பித்துவிட்டன. என் காதை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

தப்பு என்மேலா? கம்பெனிகள் பெட்டியில் போடும் எண்களெல்லாம் பொய்தானா? முகம் தெரியாத ஒரு கம்பெனிக்காக மனிதர்கள் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறார்கள்? கடைசியாக ஒன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஐந்து வருடப் பழைய போனும் வயர் வைத்த இயர்போனும் வைத்துக்கொண்டு, தொழில்நுட்ப ஆர்வலர் என்று எப்படிச் சொல்லிக்கொள்கிறீர்கள்?

க.

அன்புள்ள க.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். போனுக்கு ஐந்து வருடம் இல்லை, ஆறாவது நடக்கிறது. பேட்டரி ஒருமுறை மாற்றியாகிவிட்டது, திரையின் மூலையில் ஒரு கீறல் இருக்கிறது. புதிதாக வருகிற ஒவ்வொரு போனிலும் என்ன சிப், திரைக்கு எத்தனை நிட்ஸ் வெளிச்சம் என்று ராத்திரி உட்கார்ந்து வாசிக்கிறேன். வாசிப்பது வேறு, வாங்குவது வேறு. சமையல் புத்தகம் வாசிக்கிறவர்கள் எல்லாம் தினமும் விருந்தா சாப்பிடுகிறார்கள்?

இனி உங்கள் காது. தப்பு உங்கள்மேல் இல்லை. கம்பெனி ஏமாற்றிவிட்டதாகவும் எனக்குத் தோன்றவில்லை. ஒரு இயர்பட்டுக்குள் இருக்கும் பேட்டரி சட்டைப் பொத்தான் அளவுதான். அதன் கொள்ளளவு ஏறக்குறைய 50 மில்லியாம்பியர் மணி. போனில் இருப்பது 5000 என்று வைத்தால் இது நூறில் ஒரு பங்கு. இரண்டும் ஒரே குலம், லித்தியம் அயன். 1991-இல் சோனி முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்ததிலிருந்து இந்தக் குலத்தின் குணம் பெரிதாக மாறவில்லை. நிரப்பி நிரப்பித் தீர்க்கத் தீர்க்க அதன் கொள்ளளவு தேயும். சூடு ஆகாது. முழுசாக நிரம்பிய நிலையிலேயே கிடப்பதும் ஆகாது.

இயர்பட்ஸுக்கு நாம் என்ன செய்கிறோம்? பத்து நிமிடம் கேட்டுவிட்டுப் பெட்டிக்குள் போடுகிறோம். பெட்டி அதை உடனே நூறுக்கு ஏற்றிவிடுகிறது. அந்த நூறிலேயே, பாக்கெட் சூட்டில், அது நாளெல்லாம் கிடக்கிறது. பேட்டரிக்குப் பிடிக்காத எல்லாவற்றையும் ஒரே டப்பாவுக்குள் வைத்து, அதற்கு சார்ஜிங் கேஸ் என்று பெயர் வைத்திருக்கிறோம். ஐபோன் 14 வரையிலான போன்களின் பேட்டரி, முழுசாக 500 முறை நிரப்பித் தீர்த்த பிறகு 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும் வகையில் வடிவமைக்கப்பட்டது என்றும், ஐபோன் 15-இலிருந்து அது 1000 முறை என்றும் ஆப்பிளே சொல்கிறது. அவ்வளவு பெரிய பேட்டரிக்கே கதை இதுதான் என்றால் பொத்தான் பேட்டரி இரண்டு வருடத்தில் தளர்வதில் அதிசயம் இல்லை. மாற்றிக்கொள்ளவும் வழி வைப்பதில்லை, பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். 2016 கடைசியில் வந்த ஆப்பிளின் இயர்பட்ஸான முதல் ஏர்பாட்ஸைப் பிரித்துப் பார்த்த ஐஃபிக்ஸிட், கருவிகளைப் பழுதுபார்க்கச் சொல்லித்தரும் தளம், பழுதுபார்க்கும் வசதிக்குப் பத்துக்குப் பூஜ்யம் கொடுத்தது. இப்படிக் கையடக்கமான பொருள்களின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் போட்ட சட்டம் 2027 பிப்ரவரியில் நடைமுறைக்கு வருகிறது. சில விலக்குகளும் உண்டு. என்னைக் கேட்டால், இந்தப் பத்து வருடத்தில் வந்த எந்தப் புதுக் கேமராவை விடவும் இது பெரிய செய்தி.

இரண்டு காதும் ஒரே நாளில் பிறந்தவை, ஏன் இடது மட்டும் தளர்ந்தது என்று கேட்பீர்கள். பழைய வகை இயர்பட்ஸில் போன் ஒரு பட்டோடுதான் பேசும். அது இன்னொன்றுக்குத் தகவலைக் கடத்தும். தலைமை தாங்குகிற பட்டுக்கு வேலை அதிகம், பேட்டரியும் சீக்கிரம் தீரும். போதாததற்கு, போன் பேசும்போது மைக்கும் ஓடும். ஒன்று கேட்கிறேன்: பேசும்போது ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்ளும் பழக்கம் உங்களுக்கு உண்டா? அது எந்தக் காது?

இந்த ஒரு கேள்வியை அந்த அறுபது பேரில் ஒருவராவது கேட்டாரா?

எனக்கு ஆதங்கமே அதில்தான். எந்தப் பொருள் நல்லது என்று சொல்ல இணையத்தில் ஆள் வரிசையில் நிற்கிறது. உன் பொருளுக்கு என்ன ஆயிற்று, எப்போது ஆயிற்று, அதற்கு முன் என்ன செய்தாய் என்று கேட்க ஆள் இல்லை. நீங்கள் ஒரு மாதம் பார்த்த காணொளிகள் பெரும்பாலும் பொருள் வந்து ஒரு வாரம், இரண்டு வாரத்துக்குள் எடுத்தவையாக இருக்கும். கல்யாணமான மறுநாள் போய் மாப்பிள்ளை எப்படி என்று கேட்டால் வேறு என்ன சொல்வார்கள்?

என் கதை ஒன்று சொல்கிறேன். பல வருடம் முன்பு என் கணினித் திரை ஒன்று திடீரென்று மக்கர் செய்தது. பொத்தானை அழுத்தினால் பச்சை விளக்கு எரியும், இரண்டு நொடி படம் தெரியும், அப்புறம் இருட்டு. பழுதுபார்க்கிறவர் தொட்டுக்கூடப் பார்க்காமல் புதுசு வாங்கச் சொல்லிவிட்டார். அந்த மாடலின் பேரையும் 'இரண்டு நொடி' என்பதையும் போட்டுத் தேடினேன். யாரோ ஒருவர், பெயர்கூட இல்லை, ஏதோ எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு புனைபெயர், நான்கே வரி எழுதியிருந்தார். 'மின்சாரம் வரும் பலகையில் இரண்டு கெபாசிட்டர் உப்பியிருக்கும். 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட். அதே அளவில் 25 வோல்ட் போடு, 105 டிகிரி தாங்குவதாகப் பார். பெரிய கெபாசிட்டரில் கை வைக்காதே, பிளக்கைக் கழற்றிய பிறகும் ஷாக் அடிக்கும்.'

கெபாசிட்டர் என்பது மின்சாரத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் சின்ன உருளை. பிரித்துப் பார்த்தேன். அவர் சொன்ன இடத்தில், சொன்ன இரண்டு. மற்றவற்றின் தலை தகரம்போலத் தட்டையாக இருந்தது. இந்த இரண்டின் தலை மட்டும் வெந்த பயறு மாதிரி உப்பி, நடுவில் இருக்கும் சிலுவைக் கீறலில் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. 2000-களின் தொடக்கத்தில் உள்ளே ஊற்றும் திரவம் சரியில்லாத கெபாசிட்டர்கள் உலகம் பூராவும் மதர்போர்டுகளிலும் திரைகளிலும் புகுந்து இப்படித்தான் வெடித்தன. எனக்கு அது அப்போது தெரியாது. சால்டரிங் வைத்து மாற்றினேன், திரை எரிந்தது.

அந்த மனிதர் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த நான்கு வரி அல்ல. கீழே மூன்று வருடம் கழித்து அவரே வந்து போட்டிருந்த ஐந்தாவது வரி: 'இன்னும் ஓடுகிறது.' அதை எழுத யாரும் அவரைக் கேட்கவில்லை, லைக்கும் விழவில்லை. இன்றைய குழுக்களில் இப்படி ஒரு வரி எழுதினாலும் அடுத்த நாள் காலை வணக்கங்களுக்கு அடியில் புதைந்துபோகும். வெளியிலிருந்து தேடுகிறவனுக்கு அது அகப்படவே அகப்படாது. வசதிக்காக எல்லோரும் மூடிய அரட்டை அறைகளுக்குக் குடிபோனதில் நாம் இழந்தது அந்த ஐந்தாவது வரியைத்தான் என்று நான் புலம்பாத நாள் இல்லை.

எண்களைப் பற்றிக் கேட்டீர்கள். பெரும்பாலும் பொய் இல்லை, ஆனால் நமக்குத் தேவைப்படாத இடத்தில் அளந்த எண். பவர் பேங்க் சண்டையை எல்லாக் குழுவிலும் பார்க்கலாம். 20,000 மில்லியாம்பியர் மணி என்று போட்டிருக்கிறது, என் 5000 போனை நாலு முறை ஏற்ற வேண்டாமா, இரண்டரை முறைதான் ஏற்றுகிறது, திருடர்கள் என்பார்கள். 20,000 என்பது உள்ளே இருக்கும் பேட்டரியின் 3.7 வோல்ட்டில் சொல்வது. பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட் மணி, உள்ளே இருக்கும் மொத்த ஆற்றல் அதுதான். வெளியே வருவது 5 வோல்ட், அந்தக் கணக்கில் அது 14,800 ஆகிவிடும். மாற்றும்போது சூடாகப் போவது கொஞ்சம், போனுக்குள் ஏறும்போது போவது கொஞ்சம். இரண்டரை முறை ஏற்றினால் அது யோக்கியமான பவர் பேங்க்தான். பெட்டியில் வாட் மணியைப் பெரிய எழுத்தில் போட்டால் பாதிச் சண்டை அடங்கும். பெரிய எண் இருக்கும்போது சின்ன எண்ணை யார் பெரிதாகப் போடுவார்கள்? உருப்படியான எண்ணும் வராமல் இல்லை. 2025 ஜூனிலிருந்து ஐரோப்பாவில் விற்கும் போன்களின் லேபிளில் பேட்டரி எத்தனை சுழற்சி, அதாவது எத்தனை முறை முழுசாக நிரப்பித் தீர்ப்பது, தாங்கும் என்று போட்டாக வேண்டும், 800-க்குக் குறைந்தால் விற்கவே முடியாது. நான் முதலில் பார்ப்பது அதைத்தான். மெகாபிக்சலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சண்டைக்கு வருவோம். ஏன் அடித்துக்கொள்கிறார்கள் என்பதில் பெரிய மர்மம் இல்லை. காசு போட்டாயிற்று, இனி அந்தப் பொருள் மட்டமென்று யாராவது சொன்னால் அது பொருளைச் சொன்னதாகப் படாது, வாங்கியவனின் புத்தியைச் சொன்னதாகத்தான் படும். நானும் யோக்கியன் இல்லை. கழற்றி மாற்றும் பேட்டரி இல்லாத போனை மனிதன் வாங்குவானா என்று மூன்று ராத்திரி தூங்காமல் ஒருவரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். அடுத்த வருடம் நான் வாங்கியது ஒட்டின பேட்டரி போன். அவர் அதைக் கண்டுபிடிக்கக் கூடாதென்று கொஞ்ச நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

இணையத்துக் கருத்தெல்லாம் குப்பை என்கிற முடிவுக்கு மட்டும் போய்விடாதீர்கள், உங்கள் கடிதத்தில் அந்த வாடை அடிக்கிறது. யுஎஸ்பி-சி என்கிற சார்ஜ் முனை வந்த புதிதில், 2015 நவம்பரில், கூகுளில் பொறியாளராக இருந்த பென்சன் லியுங் இணையத்தில் விற்கும் கேபிள்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்து, விற்பனைப் பக்கத்திலேயே கருத்து எழுத ஆரம்பித்தார். பழைய யுஎஸ்பி முனையிலிருந்து சி முனைக்குப் போகும் கேபிளுக்குள் 56 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதாவது மின்தடை, ஒன்று இருக்க வேண்டும். 'இது பழைய இணைப்பு, அளவாக எடு' என்று போனுக்குச் சொல்வது அதுதான். பல கேபிள்களில் அந்த இடத்தில் 10 கிலோ ஓம் இருந்தது. அது '3 ஆம்பியர் இருக்கிறது, இழுத்துக்கொள்' என்று சொல்லும். அந்தப் பக்கம் சார்ஜரால் அவ்வளவு தர முடியாவிட்டால் அது தாங்காது. 2016 பிப்ரவரியில் மின்சாரக் கம்பியும் தரைக் கம்பியும் மாறி இணைந்திருந்த ஒரு கேபிள் அவருடைய லேப்டாப்பையே பொசுக்கியது, கூடவே சோதனைக் கருவியையும். அதையும் எழுதினார். அடுத்த மாதமே அமேசான் தரவிதிக்கு ஒத்துவராத யுஎஸ்பி-சி கேபிள்களை விற்கக் கூடாதென்று தடை போட்டது. அவர் எழுதியதும் கருத்துதான். ஆனால் அதற்குள் ஒரு ஓம் மீட்டர் இருந்தது.

உங்களிடம் ஓம் மீட்டர் வேண்டாம், ஒரு காதுக்குச்சி போதும். இயர்பட்ஸைத் திருப்பி, பெட்டியில் உட்காரும் அந்த இரண்டு சின்ன உலோகப் புள்ளிகளை வெளிச்சத்தில் பாருங்கள். இடது பட்டில் அழுக்கோ மெழுகோ படிந்திருந்தால் கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள், பெட்டிக்குள் இருக்கும் முள்ளையும் சேர்த்து. காய்ந்ததும் இரண்டையும் உள்ளே வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் போனோடு இணையுங்கள். இடது பக்கம் எத்தனை சதவீதம் காட்டுகிறது என்று பாருங்கள். நூறு காட்டிவிட்டு நாற்பது நிமிடத்தில் இறங்கினால் பேட்டரி தளர்ந்துவிட்டது, செய்வதற்கு ஒன்றுமில்லை. அறுபதிலோ எழுபதிலோ நிற்கிறதென்றால் அது முழுசாக ஏறவில்லை, காது இன்னும் பிழைக்கலாம். துடைத்த பிறகும் அப்படியே நின்றால் பெட்டியின் முள் அமுங்கிப்போயிருக்கும்.

அந்த எண்ணை எனக்கு எழுதுங்கள். எந்தக் காதில் போன் பேசுகிறீர்கள் என்பதையும். அந்தக் குழுவிலும் இயர்பட்ஸின் மாடல் பேரோடு போட்டுவையுங்கள். சண்டை இந்நேரம் வேறெங்காவது நகர்ந்திருக்கும்.