பிராண்ட் பேரை வெச்சு வாங்கலாமா? கம்ப்யூட்டர் பாகங்கள்: கேள்வி பதில்

திருவொற்றியூர்: 500 வாட் பவர் சப்ளை 1,200 ரூபாய்க்கும் கிடைக்குது, 4,000க்கும் கிடைக்குது. எந்த பிராண்ட் எடுக்கலாம் அண்ணா?

பேரைக் கடைசியா பாருங்க தம்பி. பவர் சப்ளை விக்கிற பல கம்பெனிகளுக்குச் சொந்த ஃபாக்டரியே கிடையாது. சீசானிக், சிடபிள்யூடி மாதிரி ஆளுங்க செஞ்சு கொடுக்கிறதுல தங்களோட ஸ்டிக்கரை ஒட்டுவாங்க. அதனால ஒரே பிராண்ட்ல ஒரு சீரிஸ் அருமையா இருக்கும், அடுத்தது குப்பையா இருக்கும்.

பக்கவாட்டு லேபிள்ல 12 வோல்ட் லைனுக்கு எத்தனை ஆம்பியர்னு பார்த்து 12ஆல பெருக்குங்க. 28 ஆம்பியர்னா 336 வாட். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் இழுக்கிறது அந்த லைன்லதான். பெட்டி மேல 500னு எவ்வளவு பெரிசா போட்டிருந்தா என்ன? 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகுதுன்னு சொல்ற கணக்கு மட்டும்தான், உழைப்புக்குச் சான்று இல்ல. அந்த டெஸ்ட்டும் 23 டிகிரி வாக்குல எடுக்கிறது. மே மாசம் நம்ம மொட்டைமாடிக்குக் கீழ இருக்கிற ரூம் அப்படியா இருக்கு?

பெரிய பேரும் சறுக்கும். 2021ல கிகாபைட்டோட பி750ஜிஎம் பவர் சப்ளை டெஸ்ட் பண்ணவங்க கையில வெடிச்சு பெரிய சர்ச்சையாச்சு. ஓவர்லோட் ஆனா கட் ஆகிற அளவு 120–150 சதவீதத்துல இருந்தது. அதை 110–120க்கு இறக்கி, பழைய சரக்கை மாத்தியும் கொடுத்தாங்க. அதுக்காக அவங்க மதர்போர்டையும் ஒதுக்கணும்னு அவசியமில்ல.

பழைய வண்ணாரப்பேட்டை: புது கேபினட்டைத் தொட்டா சுருக்குனு ஷாக் அடிக்குது. மட்டமான பிராண்டா சார்?

பிராண்ட் மேல பழி போடாதீங்க, முதல்ல வீட்டு எர்த்தைப் பாருங்க. பவர் சப்ளைக்குள்ள கரன்ட் வர்ற இடத்துல ஃபில்டர் கெபாசிட்டர் ரெண்டு, கேபினட் உடம்போட சேர்ந்திருக்கும். எர்த் இல்லன்னா உடம்புல ஏறக்குறைய 115 வோல்ட் நிக்கும். கரன்ட் ரொம்பக் கம்மி, ஆனா சுருக்குங்கும். நல்ல பவர் சப்ளையிலயும் இதுதான் நடக்கும்.

அந்தப் பக்கத்துப் பழைய வீடுகள்ல மூணு ஓட்டை பிளக் இருக்கும், மூணாவதுல ஒயரே இருக்காது. எலக்ட்ரீஷியனை விட்டு மல்டிமீட்டர்ல பாக்கச் சொல்லுங்க: பேஸ்–நியூட்ரல் 230ன்னா பேஸ்–எர்த்தும் அதை ஒட்டியே வரணும், நியூட்ரல்–எர்த் ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள இருக்கணும். சிலர் பிளக்குக்குள்ளயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முடிஞ்சிடுவாங்க. அதை மட்டும் விடவே விடாதீங்க. நியூட்ரல் அறுந்துச்சுன்னா முழு 230 வோல்ட்டும் கேபினட் மேல வந்து நிக்கும்.

காசிமேடு: ஒரே வருஷத்துல போர்டுல பச்சை பூத்துடுச்சு. வாரன்டியில மாத்துவாங்களா?

கஷ்டம்தான். துரு, பச்சை பிடிச்சதுன்னா பெரும்பாலும் வாரன்டியில சேர்க்க மாட்டாங்க, எந்த பிராண்டா இருந்தாலும். உப்புக் காத்து படிஞ்சு, ஈரம் சேர்ந்து, செம்பை அரிக்குது. கேபினட்டை ஜன்னலோரம் வைக்காதீங்க. வாரக்கணக்குல அணைச்சே போடாதீங்க. ஓடுற சூட்டுல ஈரம் தங்காது. ராம்ல போர்டுக்குள்ள செருகுற முனைகளை 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல துடைச்சு, நல்லா காஞ்ச பிறகு மாட்டுங்க.

வியாசர்பாடி: ரிவ்யூல பாராட்டின அதே எஸ்எஸ்டி வாங்கினேன், பெரிய ஃபைல் காப்பி பண்ணா ஆமை வேகம். டூப்ளிகேட்டா?

ஒரிஜினலாவே இருக்கலாம். ரிவ்யூக்குப் போனது ஒண்ணு, பிறகு கடைக்கு வந்தது இன்னொண்ணு. குருசியல் பி2ங்கிற எஸ்எஸ்டி டிஎல்சி வகை மெமரி சிப்போட வந்துச்சு, 2021ல பேர் மாறாமலே அதைவிட மெதுவா எழுதுற க்யூஎல்சி வகை ஆயிடுச்சு. டபிள்யூடி எஸ்என்550லயும் அதே வருஷம் உள்ள இருக்கிற சிப்பை மாத்தினாங்க. முதல்ல கேஷ்ல, அதாவது வேகமான தற்காலிக இடத்துல, எழுதுறதால வேகமா தெரியும். அது நிரம்பினதும் வேகம் விழும். 1 ஜிபி டெஸ்ட் இதைக் காட்டாது. ரிட்டர்ன் நாள் முடியறதுக்குள்ள ஒரே மூச்சா 100 ஜிபி காப்பி பண்ணிப் பாத்துடுங்க. ஸ்பெக் தாள்ல டிபிடபிள்யூ, அதாவது மொத்தம் எத்தனை டிபி எழுதுற வரைக்கும் தாங்கும்னு சொல்ற கணக்கு, எவ்வளவுன்னும் பாருங்க. ஒரே 1 டிபிக்கு ஒருத்தர் 600 எழுதி, இன்னொருத்தர் 200 எழுதினா காரணம் இருக்கு.

தண்டையார்பேட்டை: சீகேட் ஹார்ட் டிஸ்க் வேணாம்னு எல்லாரும் சொல்றாங்களே?

அந்தக் கெட்ட பேர்ல பெரும்பங்கு எஸ்டி3000டிஎம்001ங்கிற ஒரே 3 டிபி மாடலோடது. பேக்பிளேஸ்ங்கிற ஆன்லைன் பேக்கப் கம்பெனி தன் சர்வர்கள்ல எந்த டிரைவ் எத்தனை போச்சுன்னு மாடல் வாரியா வெளியிடுது. அதுல கம்பெனி பேரைத் தேடாம மாடல் நம்பரைத் தேடுங்க.

பெரம்பூர்: ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட் ஹேண்ட் இன்டெல் ஐ9 13900கே ப்ராசஸர் மலிவா கிடைக்குது. எடுக்கலாமா?

உஷார். இது 13ம் தலைமுறை. 13, 14ம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள்ல வோல்டேஜ் அதிகமாப் போய் சிப்பே கெடுற பிரச்சினை இருந்தது. 2024 ஆகஸ்ட்ல இன்டெல் அதைச் சரி பண்ற புது மைக்ரோகோடை பயாஸ் அப்டேட் வழியா விட்டுச்சு, பெட்டியோட விக்கிற பாக்ஸ் சிப்களுக்கு வாரன்டியையும் 2 வருஷம் கூட்டுச்சு. ஆனா அந்த அப்டேட் இனிமே கெடாமத்தான் பாத்துக்கும், கெட்டது கெட்டதுதான். கடையிலயே பெரிய ஜிப் ஃபைல் ஒண்ணை நாலஞ்சு தடவை பிரிச்சுப் பாருங்க, ஒரு தடவை எரர் வந்தாலும் வெச்சுட்டு வந்துடுங்க. ட்ரே சிப்னா, அதாவது பெட்டி இல்லாம விக்கிறதுன்னா, வாரன்டிக்கு முதல்ல அதை வித்தவன்கிட்டதான் போகணும். எதுவா இருந்தாலும் பில்லுல சீரியல் நம்பரை எழுதி வாங்குங்க.