கல்லில் எண்ணிக்கை இருக்கிறது, பெயர்கள் எங்கே?

கேள்வி: வேலூர் மாவட்டத்தில் எங்கள் ஊர் முனையில் ஒரு பளிங்குக் கல் இருக்கிறது. முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. ஒரு பெயர்கூட இல்லை. என் தாத்தாவின் அண்ணன் 1942 வாக்கில் பட்டாளத்தில் சேர்ந்து, பர்மா பக்கம் போனவர், திரும்பவே இல்லை. இரண்டு போர்களிலும் இறந்த எங்கள் ஊர்க்காரர்களின் பெயர்களைத் தேடி எடுத்து, அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கல்வெட்டு வைக்க ஆசைப்படுகிறோம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: இணையத்திலிருந்து தொடங்காதீர்கள். ஊரிலிருந்து தொடங்குங்கள். பட்டாளத்துக்குப் போனவரின் பெயர், அவருடைய அப்பா பெயர், வீட்டுப் பட்டப்பெயர், எந்தத் தெருக்காரர் என்பதெல்லாம் இன்னும் சில பெரியவர்களின் நினைவில்தான் இருக்கிறது. முதலில் அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குறிப்பாக, ஊருக்கு வாழ வந்த பாட்டிகளிடம். மாமியார் சொல்லி அழுத கதை மருமகளுக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்தது பெட்டி, பரண். மெடல் கிடைத்தால் அதன் முகப்பைவிட விளிம்புதான் உங்களுக்கு முக்கியம். முதல் உலகப் போர் மெடல்களின் விளிம்பில் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை சிறிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படைக்குத் தரப்பட்ட மெடல்களிலும் பெரும்பாலும் பெயர் உண்டு. முதல் போரில் இறந்தவர்களின் குடும்பத்துக்குச் சுமார் 12 சென்டிமீட்டர் விட்டத்தில் வட்டமான வெண்கலத் தகடு ஒன்றும் வந்தது. அதில் பதவி இருக்காது, பெயர் மட்டும் புடைப்பெழுத்தில் இருக்கும். எத்தனையோ வீடுகளில் அது பழைய பாத்திரத்தோடு எடைக்குப் போய்விட்டது. உங்கள் ஊரில் ஒன்று மிஞ்சியிருந்தால் தயவுசெய்து புளி போட்டு விளக்காதீர்கள். உலர்ந்த துணியால் துடைத்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். தேய்ந்த எழுத்தும் தெரியும்.

படை எண்ணும் பிரிவும் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. கிடைக்காதபோது எல்லோரும் “மதராஸ் ரெஜிமெண்ட்” என்று தேடிப் பார்த்து, இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். முதல் உலகப் போர் நடந்தபோது அந்தப் பெயரில் படைப்பிரிவே கிடையாது. நம் மக்கள் இருந்தவை 63-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி (காலாட்படை), 75-வது கர்நாடிக் இன்ஃபன்ட்ரி, 83-வது வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி, 61, 64, 81 என்ற எண்களில் பயனியர் படைகள் (பாதை போடும் படைகள்), பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்ற பொறியியல் படை போன்றவை. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் கரையிறங்கிய படையில் பாளையங்கோட்டைக்காரர்களும் இருந்தார்கள். போருக்குப் பின் உருவான மதராஸ் ரெஜிமெண்ட் 1920-களில் கலைக்கப்பட்டு, 1941-ல்தான் மீண்டும் எழுப்பப்பட்டது.

இரண்டாம் போரிலும், உங்கள் வேலூர் அன்று சேர்ந்திருந்த வட ஆற்காட்டிலிருந்து போனவர்கள் எல்லோரும் துப்பாக்கிப் படையில் இருக்கவில்லை. சாலை போட்டவர்கள், பாலம் கட்டியவர்கள், லாரி ஓட்டியவர்கள், மருத்துவப் பிரிவில் இருந்தவர்கள் என்று பல வகை. அதனால் சாப்பர்ஸ், பயனியர் கோர், ஆர்மி சர்வீஸ் கோர் (சரக்குப் போக்குவரத்துப் பிரிவு) எல்லாவற்றையும் பாருங்கள். “பர்மா” என்ற வீட்டுப் பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்த மதராஸ் சாப்பர்ஸ் சுபேதார் சுப்ரமணியன் இறந்தது இத்தாலியில். 1944 பிப்ரவரி 24 அன்று, கூட இருந்தவர்களைக் காக்கக் கண்ணிவெடியின் மேல் தாமே விழுந்து உயிர் விட்டார். இறந்தபின் ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டனின் உயரிய வீர விருது அவருக்குத் தரப்பட்டது.

இப்போது இணையத்துக்கு வரலாம். 1917-ல் தொடங்கப்பட்ட காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம், இரண்டு போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் பட்டியலை யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடும்படி வைத்திருக்கிறது. தேடும்போது பெயரை முதலில் போடாதீர்கள். முனுசாமி என்ற ஒரு பெயரையே அன்றைய எழுத்தர்கள் ஏழெட்டு விதமாக எழுதியிருப்பார்கள். இன்ஷியலும் பெரும்பாலும் இருக்காது. இந்தியப் படை என்று தேர்ந்தெடுத்து, எந்தப் போர், எந்தப் பிரிவு என்று சுருக்குங்கள். பிறகு கூடுதல் விவரம் என்ற கட்டத்தில் ஊர்ப் பெயரையோ மாவட்டப் பெயரையோ கொடுத்துப் பாருங்கள். இன்னாரின் மகன், இன்னாளின் கணவர், இந்த ஊர் என்று பல பதிவுகளில் இருக்கும், குறிப்பாக இரண்டாம் போர்ப் பதிவுகளில். ஊர்ப் பெயரையும் வெள்ளைக்காரர்கள் எழுதிய விதத்தில் தேட வேண்டும். வேலூர் மாவட்டம் என்றால் அங்கே கிடைக்காது, நார்த் ஆர்க்காட் என்றால்தான் கிடைக்கும்.

உங்கள் பெரிய தாத்தா பர்மாவில் இறந்து, உடலும் கிடைக்கவில்லை என்றால், யாங்கோனுக்கு வடக்கே தௌக்கியானில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில் பெயர் இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே சுமார் 27,000 பெயர்கள் உள்ளன. தகனம் செய்யப்பட்டிருந்தால் தனியாக உள்ள தகன நினைவிடங்களைப் பாருங்கள். கோஹிமாவில் மட்டும் அப்படி 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்கள் இருக்கின்றன. சிங்கப்பூர் வீழ்ச்சியில் சிக்கியிருந்தால் அங்கே கிராஞ்சியில் உள்ள நினைவுச் சின்னத்தைப் பாருங்கள். சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்குப் போய்த் தேடிவிட்டு ஏமாந்து திரும்புகிறவர்கள் நிறைய. அங்கே உள்ள 850-க்கும் மேற்பட்ட இரண்டாம் போர்க் கல்லறைகள் இந்திய மண்ணில் இறந்தவர்களுடையவை. பர்மாவில் மறைந்தவரை அங்கே தேடிப் பயனில்லை.

பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அவர் போகவே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். முதல் போரில் மெசபடோமியாவில் (இன்றைய இராக்) இறந்தவர்களுக்கான பஸ்ரா நினைவுச் சின்னத்தில் அதிகாரிகளின் பெயர்களைப் பொறித்தார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கு இந்தப் பிரிவில் இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும் போட்டார்கள். உங்கள் ஊர்க் கல்லில் நடந்ததும் அதேதான். முதல் போரில் இறந்த, பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களுமான குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்று 2021-ல் ஆணையமே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. விடுபட்டவர்களை இன்றும் சேர்க்கலாம். படையில் இருந்ததற்கும் இறந்ததற்கும் சான்று வேண்டும். இறந்த நாள் 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையோ, 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையோ இருக்க வேண்டும். படையிலிருந்து விடுவிக்கப்பட்டு ஊருக்குத் திரும்பி வந்து இறந்திருந்தால், படைப் பணியில் வந்த காயமோ நோயோதான் காரணம் என்று காட்ட வேண்டும்.

அந்தச் சான்றுக்கு மதராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டனுக்கும், சாப்பர்ஸ் என்றால் பெங்களூருக்கும் அவர்களின் ஆவணப் பிரிவுக்கு எழுதுங்கள். உங்கள் மாவட்டத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்பினால் கடிதத்துக்கு மதிப்பு கூடும். குடும்ப பென்ஷன் புத்தகம் யார் வீட்டிலாவது இருந்தால் அதன் நகலை இணையுங்கள். அதைவிட நல்ல சான்று அமைவது கடினம்.

இன்னொன்று. இந்தக் குடும்பங்கள் பலவற்றில் இறந்த நாள் தெரியாததால் திவசமே செய்ததில்லை, மகாளய அமாவாசையோடு சரி. ஆணையத்தின் பதிவில் தேதி கிடைத்தால், அந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திதி கணக்கிட்டுவிடலாம். ஆனால் காணாமல் போனவர்களுக்குப் போட்டிருக்கும் தேதி படைப்பிரிவு குறித்துக்கொண்ட உத்தேச நாளாக இருக்கலாம். அதைக் குடும்பத்தாரிடம் சொல்லிவிடுங்கள், முடிவு அவர்களுடையது.

கல்வெட்டு விஷயம். பழைய கல்லை இடம் மாற்றவோ, சுண்ணாம்பு அடிக்கவோ, எழுத்துக்குப் பெயிண்ட் பூசவோ விடாதீர்கள். புறம்போக்கு நிலமாக இருந்தால் ஊராட்சித் தீர்மானம் வாங்கிக்கொண்டு புதியதைப் பக்கத்தில் நிறுத்துங்கள். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் மூவரும் இருக்கக்கூடும், அதனால் மேலே சாமி படம், சின்னம் எதுவும் வேண்டாம். அன்பளித்தவர் பெயரும் வேண்டாம், சிப்பாய்கள் பெயர் மட்டும் போதும். பதவி வரிசை பார்க்காமல் அகர வரிசையில் தமிழில் எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் தந்தை பெயர், படை எண், பிரிவு, இறந்த நாள், எந்த நாட்டு நினைவுச் சின்னத்தில் பெயர் இருக்கிறது என்பது வரை போடுங்கள். ஆவணத்தில் உறுதியான பெயர்களை மட்டும் இப்போது செதுக்குங்கள். பழைய கல் சொல்லும் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, இன்னும் எத்தனை பேர் பாக்கியோ அத்தனை வரிக்குக் கீழே இடம் விடச் சொல்லுங்கள். அளவைச் சிற்பியிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பிறகு கல்லை நீட்ட முடியாது.