வளரும் நாடு ஒன்று தன் விமானப்படைக்கு எந்தப் போர் விமானத்தை வாங்கலாம்? இந்தியாவின் தேஜஸா, சுவீடனின் கிரிபெனா, அமெரிக்காவின் எஃப்-16ஆ, தென் கொரியாவின் எஃப்ஏ-50ஆ?

கேட்டவர் கோவையை அடுத்து விமானப்படைத் தளம் உள்ள சூலூர்ப் பக்கத்துக்காரர் என்பது கேள்வியிலேயே தெரிகிறது. தினமும் தலைக்கு மேலே தேஜஸ் போகிறது. பழைய விமானங்களை வைத்துக்கொண்டு திண்டாடும் சின்ன நாடுகள் இதை வாங்கலாமா, இல்லை வெளிநாட்டு விமானங்கள்தான் தேறுமா, 12 விமானம் வாங்கக் காசு இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்லுங்கள் என்கிறார். நல்ல கேள்வி. ஆனால் விமானத்தின் பெயரிலிருந்து தொடங்கினால் கணக்கு தப்பிப் போகும். வாங்கிய விமானத்தை வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் பறக்க வைக்க நம்மால் முடியும்? யார் நினைத்தால் அதைத் தரையில் உட்கார வைக்க முடியும்? இந்த இரண்டும் தெரிந்த பிறகு பெயருக்கு வரலாம்.

நம்ம ஊர்த் தோட்டக்காரர் போர்வெல்லுக்கு மோட்டார் எடுக்கும்போது ஆழம் எவ்வளவு, தண்ணி வரத்து எப்படி, லைனில் வோல்டேஜ் எவ்வளவு வருகிறது, காயில் எரிந்தால் கட்டித் தரப் பக்கத்தில் பட்டறை உண்டா என்று பார்த்துவிட்டுத்தான் ஹெச்.பி. பேசுவார். பல அரசுகள் நேராக ஹெச்.பி.யில் ஆரம்பித்துவிடுகின்றன.

12 விமானம் வாங்கினால் 12 பறக்காது. அதில் இரண்டு, இருவர் அமரும் பயிற்சி வகையாக இருக்கும். மீதிப் பத்தில் ஒன்றிரண்டு எப்போதும் பெரிய பரிசோதனைக்காகப் பிரித்துப் போட்டபடி கிடக்கும்; இன்னொன்று உதிரிபாகத்துக்குக் காத்திருக்கும். பத்தில் ஏழு பறக்கும் நிலையில் இருந்தாலே அது நன்றாக நடக்கும் படை. ஏவுகணை மாட்டிய இரண்டு விமானங்களை இரவு பகலாகத் தயார் நிலையில் நிறுத்த வேண்டுமென்றால் மாற்றுக்கு இன்னும் இரண்டு தேவை. மிச்சம் மூன்று. அந்த மூன்றையும் இரட்டை இருக்கை விமானங்களையும் வைத்துத்தான் எல்லா விமானிகளின் பயிற்சியும் நடந்தாக வேண்டும்.

அடுத்தது மணிக் கணக்கு. ஒரு விமானத்துக்கு ஒன்றரை விமானி என்று வைத்தால் 18 பேர். ஒருவருக்கு வருஷத்துக்கு 150 மணி என்றால் மொத்தம் 2,700 மணி, அதாவது விமானம் ஒன்றுக்கு 225 மணி. நேட்டோ நாடுகள் குறிவைக்கும் அளவு 180 மணி. 150 என்பது அதிலிருந்து இறக்கி வைத்த கணக்குதான். ஒற்றை எஞ்சின் ஜெட் மணிக்குச் சுமாராக 2 முதல் 3 டன் எரிபொருள் குடிக்கும். நடுவில் வைத்தால் எரிபொருள் மட்டும் வருஷத்துக்கு 6,700 டன்னைத் தாண்டும். நிதி இல்லை என்று 1,200 மணியோடு நிறுத்திக்கொண்டால் விமானிக்குக் கிடைப்பது 67 மணிதான். அவர் விமானத்தை ஏற்றுவார், இறக்குவார். இரவில், மழை மேகத்துக்குள், எதிரி ரேடார் பார்த்துக்கொண்டிருக்கும்போது சண்டை போட அவரை அனுப்பக் கூடாது. அனுப்பினால் விமானத்தோடு அவரையும் இழப்போம்.

ஒரு போர் விமானத்தின் ஆயுட்காலச் செலவில் வாங்கும் விலை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மீதி முழுவதும் ஓட்டவும் பராமரிக்கவும் போகிறது. தென்னாப்பிரிக்கா 26 கிரிபென் வாங்கியது. அருமையான விமானம், ஆனால் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டதால் 2021 கடைசியிலிருந்து ஏறக்குறைய ஒரு வருஷம் எல்லாம் தரையிலேயே நின்றன. மலேசியாவிடம் 18 சுகோய்-30, 10 மிக்-29 இருந்தன. அந்த 28இல் நான்குதான் பறக்கும் நிலையில் உள்ளன என்று 2018இல் அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார்.

இரண்டாவது கேள்வி இதைவிடக் கசப்பானது. அர்ஜென்டினா பிரான்சிடமிருந்து ஐந்து சூப்பர் எடென்டார் விமானங்களை வாங்கியது. 2019இல் வந்து சேர்ந்தன. ஆபத்து நேரத்தில் விமானியை வெளியே எறியும் இருக்கையில் வெடிமருந்துத் தோட்டாக்கள் உண்டு. அவற்றுக்குக் காலாவதித் தேதி இருக்கிறது. தேதி முடிந்தால் கழற்றி மாற்றியே ஆக வேண்டும். அந்த இருக்கை பிரிட்டனின் மார்ட்டின் பேக்கர் தயாரிப்பு. பால்க்லாந்து போருக்குப் பிறகு பிரிட்டன் அர்ஜென்டினாவுக்கு ராணுவப் பொருள் தர மறுப்பதால் தோட்டா கிடைக்கவில்லை, விமானங்கள் பறக்கவில்லை. அதன்பின் கொரியாவின் எஃப்ஏ-50ஐக் கேட்டார்கள். அதிலும் பிரிட்டிஷ் பாகங்கள் ஆறு இருந்தன, அதுவும் நடக்கவில்லை. கடைசியில் 2024இல் டென்மார்க் பயன்படுத்திய 24 எஃப்-16களை வாங்கினார்கள். இந்தோனேசியாவுக்கு 1999இல் கிழக்குத் திமோர் விவகாரத்துக்குப் பின் அமெரிக்கா உதிரிபாகத்தை நிறுத்தியது. அதன் எஃப்-16கள் முடங்கியதால்தான் 2003இல் சுகோய் பக்கம் போனது.

இப்போது நீங்கள் கேட்ட பட்டியலைப் பாருங்கள். தேஜஸில் இருப்பது அமெரிக்க நிறுவனமான ஜெனரல் எலக்ட்ரிக்கின் எஃப்404 எஞ்சின். எஃப்ஏ-50இலும் அதே எஃப்404. கிரிபென் சி வகையின் ஆர்எம்12 எஞ்சின் அதே எஃப்404இலிருந்து சுவீடன் உருவாக்கியது. கிரிபென் இ வகைக்கு அதன் அண்ணன் எஃப்414. இந்தியா, கொரியா, சுவீடன் என்று மூன்று கடை தெரிகிறது, ஆனால் மூன்றுக்கும் வாஷிங்டன் அனுமதி வேண்டும். எஞ்சின் உட்படத் தன்னிடமே வைத்திருப்பது ரபேல் தரும் பிரான்ஸ்; விலை தாங்காது. ரஷ்ய விமானத்துக்கு அமெரிக்கத் தடைச் சட்டமும் உக்ரைன் போரும் குறுக்கே நிற்கின்றன. நம் ஏஎன்-32 சரக்கு விமானங்களைப் புதுப்பிக்க உக்ரைனோடு 2009இல் போட்ட ஒப்பந்தமே 2014க்குப் பின் பாகம் வராமல் இழுத்தடித்தது. சூலூரில் அந்த விமானங்களைப் பார்க்கிறவர்களுக்கு இது தொலைதூரச் செய்தி இல்லை.

இனி பெயருக்கு வரலாம். எதிரி யார் என்பதைப் பொறுத்துத்தான் சொல்ல முடியும். காட்டுக்குள் ஆயுதக் குழுக்கள், கடலில் கடத்தல் படகுகள், இவைதான் தலைவலி என்றால் ஜெட்டே வேண்டாம். பிரேசிலின் சூப்பர் டுக்கானோ போன்ற டர்போப்ராப், அதாவது மூக்கில் விசிறி சுழலும் விமானம் போதும். 1,600 குதிரைத் திறன் எஞ்சின், இறக்கைக்குள் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள். அதையே பயிற்சிக்கும் பயன்படுத்தலாம். கொலம்பியா, பிலிப்பைன்ஸ், நைஜீரியா எல்லாம் அந்த வழியில் போனவை. வான் எல்லைக்குள் நுழையும் விமானத்தை எதிர்கொள்ள வேண்டும், பக்கத்து நாட்டோடு பெரிய சண்டை இல்லை என்றால் எஃப்ஏ-50 பொருந்தும். பிலிப்பைன்ஸ் 2014இல் 12 வாங்கியது. 2025இல் இன்னும் 12 கேட்டது. வாங்கியவர் திரும்பி வருவதுதான் எனக்குப் பெரிய சான்று. பக்கத்து நாட்டிடம் நவீன விமானமும் தொலைதூர ஏவுகணையும் இருந்தால் கிரிபெனைப் பாருங்கள். 800 மீட்டர் நேரான சாலையில் இறங்கும். ஒரு தொழில்நுட்பரும் ஐந்து உதவியாளர்களும் பத்து நிமிஷத்தில் எரிபொருளும் ஏவுகணையும் ஏற்றி அனுப்பும்படி வடிவமைத்தது. மொத்தமாகப் பணம் இல்லாவிட்டால் குத்தகையும் உண்டு. செக் குடியரசும் ஹங்கேரியும் தலைக்கு 14 விமானங்களை அப்படித்தான் எடுத்தன. எதுவானாலும், தரை ரேடார் இல்லாமல் போர் விமானம் வாங்குவது வீண். எங்கே போக வேண்டும் என்று சொல்ல ஆளில்லாமல் விமானி வானத்தில் என்ன செய்வார்?

பழைய எஃப்-16 மலிவு என்று பாய வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். ஒவ்வொரு விமானத்தின் வால் எண்ணுக்கும் தனித்தனியாகப் பறந்த மணியைக் கேளுங்கள், சராசரி உதவாது. உடல் ஆயுள் 8,000 மணி, 4,500 பறந்துவிட்டது என்றால் நம் 225 மணிக் கணக்கில் மிச்சம் 15 வருஷம். இறக்கை உடலோடு சேரும் சட்டங்களில் விரிசல் பார்த்த அறிக்கை, பழைய ஒயர்களின் காப்புறை நிலை, எஞ்சினின் லாக் புத்தகம், இவற்றில் ஒன்று விடுபட்டாலும் விலை பேசக் கூடாது. எஃப்-16இன் காற்று வாய் மூக்குக்கு அடியில், தரைக்கு நெருக்கமாக இருக்கிறது. ஓடுதளத்தில் கிடக்கும் சின்னக் கல்லும் எஞ்சினுக்குள் போய் கம்ப்ரஸர் பிளேடைச் சிதைத்துவிடும். எனவே தினமும் ஆட்கள் வரிசையாக நடந்து பொறுக்கும் ஒழுங்கும் பெருக்கும் வண்டியும் இல்லாத தளத்துக்கு அது ஆகாது. மிக்-29 தரையில் ஓடும்போது காற்று வாயை மூடிக்கொண்டு மேலிருந்து காற்று எடுப்பது இதற்காகத்தான். உதிரிக்காகவே பழைய விமானம் வாங்குவதும் நல்ல வழி: பிரான்சின் 24 பழைய மிராஜ்-2000களை இந்தியா 2021இல் சுமார் 2.7 கோடி யூரோவுக்கு எடுத்தது அப்படித்தான்.

தேஜஸ் பற்றி நேராகச் சொல்கிறேன். நம் விமானப்படையின் 45ஆம் ஸ்குவாட்ரன் (போர் விமானப் பிரிவு) 2018இலும், 18ஆம் ஸ்குவாட்ரன் 2020 மே மாதத்திலும் அதைக்கொண்டு சூலூரில் நிலைபெற்றன. எடை குறைவு, இந்தியாவின் அஸ்திரா ஏவுகணையை ஏந்தும். நம் மேல் பிணக்கில்லாத நாட்டுக்கு நல்ல தேர்வாக வரக்கூடியது. ஆனால் இன்றைக்கு வாங்கச் சொல்ல மாட்டேன். 83 விமானத்துக்கு 2021 பிப்ரவரியில் ஒப்பந்தம் போட்டு, அந்த ஆண்டே 99 எஞ்சின் கேட்டார்கள். முதல் எஞ்சின் வந்தது 2025 மார்ச்சில். அதற்குள் 2025 செப்டம்பரில் நம் விமானப்படையே இன்னும் 97 கேட்டுவிட்டது. சொந்தப் படையின் வரிசையே இவ்வளவு நீளம். வெளிநாட்டுக்காரருக்குத் தேதி சொல்ல முடியாது. விற்றபின் துணை நிற்பதிலும் நாம் கற்க வேண்டியது இருக்கிறது. ஈக்வடார் நம்மிடம் வாங்கிய ஏழு துருவ் ஹெலிகாப்டரில் நான்கு விழுந்து, 2015இல் ஒப்பந்தத்தையே ரத்து செய்தார்கள்.

வாங்கும் நாடு தன் ஊர்ப் பட்டறைகளுக்கு வேலை கேட்கலாமா? கேட்க வேண்டும், ஆனால் கீழிருந்து. தேஜஸின் மேம்பட்ட வகையான மார்க்-1ஏவின் இறக்கைத் தொகுப்பை எல் அண்ட் டி கோயம்புத்தூரில் செய்து 2025 ஜூலையில் முதல் ஜோடியைக் கொடுத்தது. எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் காற்று வாய்ப் பகுதி, நூற்பு இயந்திரம் செய்யும் நம் கோவை எல்.எம்.டபிள்யூ. கையில். பம்பும் நூற்பு இயந்திரமும் செய்து பழகிய ஊருக்குக் கடைசல் வேலை புதிதில்லை. இடறுவது காகிதத்தில். ஒரு பிராக்கெட்டுக்கு வாங்கும் அலுமினியக் கட்டியின் ஹீட் நம்பர் (எந்த உருக்குத் தொகுதியில் வார்த்தது என்று காட்டும் எண்) தொடங்கிக் கடைசி ஆய்வு அறிக்கை வரை ஒரே சங்கிலியாகப் பதிவு வேண்டும். மைக்ரான் சுத்தமாக அளவு இருந்தும், இரண்டு ஹீட் கட்டிகள் அலமாரியில் கலந்துவிட்டால் அந்த லாட் முழுவதும் ஸ்கிராப். விமானத் துறைக்கான ஏஎஸ்9100 தரச் சான்று, ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கும் அலுமினியத்தின் மேல் காப்புப் படலம் ஏற்றும் அனோடைசிங்குக்கும் தனிச் சான்று, இதற்கெல்லாம் முதலில் முதலீடு. ஆர்டரோ நூறு இருநூறு பாகம்தான். அதனால் புதிய நாடு ஏணி, ஜாக்கி, இழுவை டிராலி போன்ற தரைச் சாதனங்களில் தொடங்கி, பிறகு சின்ன உலோகப் பாகங்களுக்குப் போவதே தாங்கும்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியாவின் ரபேல் ஒப்பந்தத்தில் ஐந்து ஆண்டுக்கு 75 விழுக்காடு விமானம் எப்போதும் பறக்கும் நிலையில் இருக்கும் என்ற உறுதி இருக்கிறது. அப்படி ஒன்றைக் கேளுங்கள், தவறினால் பிடித்தம் எவ்வளவு என்பதையும் சேர்த்து. 12 ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு மூன்று உபரி எஞ்சின், இரண்டு ஆண்டுக்கான உதிரி, ஒரு சிமுலேட்டர், இவை விமான விலைக்குள்ளேயே அடங்க வேண்டும். பின்னால் வேறு நாட்டு ஏவுகணையை மாட்டும் உரிமையை முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். ரபேலுக்குக் கையெழுத்து 2016 செப்டம்பர், அம்பாலாவில் முதல் விமானம் இறங்கியது 2020 ஜூலை. ஆகவே இருக்கும் பழைய விமானங்களை இன்னும் நான்கைந்து வருஷம் ஓட்டுவதற்கான பணத்தைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். எஞ்சினுக்கும் விமானி இருக்கைக்கும் அவை செய்யப்படும் நாட்டின் ஏற்றுமதி அனுமதி எழுத்தில் வந்த பிறகே முன்பணம் போகலாம்.