ஆர்மேச்சர் போய்விட்டதாமே, பார்த்தீர்களா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் சின்னதாகத் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். என்னுடைய 7 இஞ்ச் வட்ட பிளேடு கட்டிங் மிஷின், மாம்பலகையை நீளவாக்கில் அறுக்கும்போது பாதியில் திணறி நிற்கிறது. பலகையின் ஓரம் கருகுகிறது, மோட்டார் பக்கம் தீப்பொறி தெரிகிறது. மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சர் போய்விட்டது, ஓசூருக்கு அனுப்பித்தான் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்ட வேண்டும் என்கிறார் கடைக்காரர். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்லும் மூன்று கோளாறுக்கும் ஒரே காரணம் இருக்க வேண்டும் என்பதில்லை.

கருகல் பெரும்பாலும் பிளேடின் குற்றம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பிளேடைக் கழற்றிப் பாருங்கள். பல்லின் பக்கவாட்டில் பழுப்பாக ஏதாவது ஒட்டியிருந்தால், அது மரப்பாலும் தூளும் சேர்ந்த பிசின். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்து, நன்றாகத் துடைத்து மாட்டுங்கள். பல் முனை மழுங்கியிருந்தால் சாணைக்குக் கொடுக்க வேண்டியதுதான். அப்புறம், பல்லை எண்ணுங்கள். நீளவாக்கில் அறுக்க 24 பல் பிளேடு போதும். ஃபினிஷிங் நன்றாக வரும் என்று 40, 60 பல் பிளேடைத் தலையில் கட்டுவார்கள். அது குறுக்கே அறுப்பதற்கு.

மாம்பலகை சரியாகக் காயாவிட்டால், அறுத்த இடம் திரும்ப மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். மிஷின் பின்னால் எகிறி அடிப்பதும் இதனால்தான். கொஞ்ச தூரம் அறுத்ததும் நிறுத்தி, பின்னால் வெட்டுவாயில் ஒரு சின்ன ஆப்பு வையுங்கள்.

அடுத்து ஒயர். ஒயர் இழுத்து வைத்திருக்கும் ஜங்ஷன் பாக்ஸை விட்டுவிட்டு, சுவர் பிளக்கில் நேராகச் சொருகி அதே பலகையை அறுத்துப் பாருங்கள். திணறல் குறைந்தால் மெல்லிசு ஒயர்தான் திருடன். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போடுங்கள். நேராகச் சொருகியும் சாயங்காலம் மட்டும் திணறினால் வோல்டேஜ் இறங்குகிறது. 230 வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் எந்த மிஷினும் மூச்சு வாங்கத்தான் செய்யும். லைன்மேனிடம் வாயால் சொன்னது எந்தக் கணக்கிலும் ஏறாது. எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். டிரான்ஸ்பார்மரில் லோடு கூடிவிட்டது என்பார்கள். அதைக் குறைப்பது உங்கள் வேலையா என்ன?

இப்போது தீப்பொறி. மோட்டாரின் இரண்டு பக்கமும் காசு மாதிரி வட்ட மூடி ஒவ்வொன்று இருக்கும். தட்டை ஸ்க்ரூ டிரைவரால் திருகினால், ஸ்பிரிங் தள்ளிக்கொண்டு கார்பன் பிரஷ், அதாவது ஆர்மேச்சருக்கு மின்சாரம் கடத்தும் கரித்துண்டு, வெளியே வரும். 6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையதில் இருக்கும் எண்ணைக் காட்டி அதையே கேளுங்கள். வேறு எதையாவது போட்டால் கம்யூட்டேட்டரை, அதாவது பிரஷ் உரசும் செம்பு வளையத்தை, அது தின்றுவிடும்.

ஒன்று கவனியுங்கள். புதுப் பிரஷ் போட்டவுடன் பொறி வரத்தான் செய்யும். பிரஷ்ஷின் முகம் தட்டை, கம்யூட்டேட்டர் உருண்டை. தேய்ந்து ஒட்டிப் படியும் வரை பொறி இருக்கும். மரம் வைக்காமல் கொஞ்ச நேரம் வெறுமனே ஓட விடுங்கள், பிறகு மெல்லிய பலகையில் ஆரம்பியுங்கள். பொறி நாளுக்கு நாள் குறைகிறதா என்பதுதான் கேள்வி. பிரஷ்ஷுக்கு அடியில் சின்னதாக நீலப் பொறி எப்போதும் இருக்கலாம், அதில் தப்பில்லை. இதைப் பார்த்துப் பயந்து கடைக்கு ஓடுபவர்கள்தான் வசமாக மாட்டுகிறார்கள்.

செம்பு வளையத்தைச் சுற்றியே நெருப்பு ஓடி, வார்னிஷ் கருகும் வாடையும் வந்தால் ஆர்மேச்சரைச் சந்தேகப்படலாம். அப்போதும் உங்கள் கண் முன்னால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். வாங்கி வைக்கிறவர் ஒருவர், கட்டுகிறவர் வேறொருவர், நடுவில் கமிஷன். பிரஷ்ஷை மட்டும் மாற்றிவிட்டு காயில் கட்டிய காசு வாங்குவதும் நடக்கிறது. பிளேடு நிமிடத்துக்குச் சுமார் 5,000 சுற்று சுற்றுகிறது. உள்ளே ஆர்மேச்சர் அதைவிடப் பல மடங்கு வேகம். கட்டியது ஒரு பக்கம் கனத்தால் பேரிங்கும் சேர்ந்து போகும். அதனால் கம்பெனி ஆர்மேச்சரே வாங்குங்கள். கம்பெனி சர்வீஸில் பார்ட்ஸ் வரவில்லை என்று இழுத்தடிப்பார்கள், தெரிந்ததுதான். பில்லும் பழைய ஆர்மேச்சரும் கையில் வராமல் பணம் கொடுக்காதீர்கள்.

மிஷின் வரும்வரை மார்பிள் கட்டரில் மர பிளேடு மாட்டி ஓட்டச் சொல்வார்கள். வேகம் அதிகம், பிளேடைத் தானாக மூடும் கார்டும் கிடையாது. வேண்டாம்.