எல்லாக் கட்டங்களுக்கும் ஒரே மவுஸ் ஹேண்ட்லர் போதுமா?

வெள்ளவத்தை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "புறக்கோட்டை மொத்தக் கடை ஒன்றுக்கு டபிள்யூ.பி.எஃப்-இல் (விண்டோஸ் மென்பொருள்களின் திரைகளை அமைக்கும் மைக்ரோசாஃப்ட் கட்டமைப்பு) பில் போடும் மென்பொருள் செய்கிறேன். ஒவ்வொரு பொருட்கட்டத்துக்கும் தனித்தனியாக எழுதாமல், அவற்றைச் சுற்றியுள்ள வெளிப் பேனலில் மட்டும் மவுஸ்டவுன் ஹேண்ட்லர் (மவுஸை அழுத்தியதும் ஓடும் நிரல்பகுதி) வைத்தேன். கட்டத்தை அழுத்தினால் வேலை செய்கிறது. அதற்குள் இருக்கும் பட்டனை அழுத்தினால் ஹேண்ட்லர் ஓடவே இல்லை. ஏன்?"

பேனலில் ஒருமுறை எழுதுவதுதான் சரியான வழி, அதை விடாதீர்கள். மவுஸை அழுத்தியதும் முதலில் ப்ரிவியூமவுஸ்டவுன் என்ற ஈவென்ட் (நிகழ்வு) விண்டோவிலிருந்து அழுத்திய உறுப்பு வரை இறங்கும். பிறகு மவுஸ்டவுன் அங்கிருந்து மேலே ஏறும். வழியில் பட்டன் இடது கிளிக்கைத் தானே எடுத்துக்கொண்டு, ஹேண்டில்டு (கையாண்டாயிற்று) என்று குறித்துவிடுகிறது. அதன் பிறகும் ஈவென்ட் ஏறத்தான் செய்கிறது. ஸாமலில் (திரையை விவரிக்கும் கோப்பில்) இணைத்த ஹேண்ட்லரைத்தான் அது கூப்பிடுவதில்லை.

ஆட்ஹேண்ட்லர் மெதடின் மூன்றாவது ஆர்கியுமென்டாக ட்ரூ கொடுத்தால், ஹேண்டில்டு ஆன ஈவென்டுக்கும் உங்கள் ஹேண்ட்லர் ஓடும். ஆனால் உங்கள் தேவைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பேனலிலேயே பட்டன்பேஸின் (பட்டன்களின் அடிப்படை வகை) கிளிக் ஈவென்டை இணையுங்கள். அதுவும் மேலே ஏறுவதுதான். காசாளர் ஸ்பேஸ் பாரை அழுத்தினாலும் கிளிக் வரும், மவுஸ்டவுன் வராது. கடையில் சனம் நிறைந்திருக்கும்போது கீபோர்டிலிருந்து கையை எடுக்காமல் பில் போடுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. ப்ரிவியூ ஈவென்டில் பிடிக்கலாமே என்று தோன்றும். அங்கே ஹேண்டில்டை ட்ரூ ஆக்கினால் பட்டனே செத்துப்போகும்.

எந்தக் கட்டம் என்று அறிய ஒரிஜினல்சோர்ஸை, அதாவது ஈவென்ட் கிளம்பிய உறுப்பைப் பாருங்கள். கிளிக்கில் அது பட்டனேதான்; மவுஸ்டவுனில் பெரும்பாலும் உள்ளே இருக்கும் டெக்ஸ்ட்பிளாக்கோ படமோதான். டேட்டாகான்டெக்ஸ்ட் (உறுப்போடு இணைத்த தரவு) மேலிருந்து கீழே மரபாக வருவதால், அதிலிருந்தே பொருளை எடுத்துவிடலாம். மவுஸ்டவுனில் எழுத்து ரன் (டெக்ஸ்ட்பிளாக்குக்குள் இருக்கும் எழுத்துத் துண்டு) ஆக இருந்தால் மட்டும் கவனம்: அது ஃப்ரேம்வொர்க்எலிமென்ட் அல்ல, ஃப்ரேம்வொர்க்கன்டென்ட்எலிமென்ட். இரண்டு வகையையும் சோதியுங்கள்.

மவுஸ்என்டரும் மவுஸ்லீவும் மேலே ஏறாதவை. மவுஸ் மேலே வரும்போது நிறம் மாற, ஸ்டைலில் (தோற்ற விதிகளில்) இஸ்மவுஸ்ஓவர் ட்ரிகர் எழுதுங்கள். அடிப்படை நிறத்தையும் ஸ்டைலிலேயே வையுங்கள். கட்டத்தில் நேரடியாகக் கொடுத்த நிறத்தை ட்ரிகரால் மாற்ற முடியாது.

கட்டத்தின் வெற்றிடத்தில் கிளிக் விழவில்லையென்றால், அதற்குப் பேக்கிரவுண்டே இல்லை என்று பொருள். ட்ரான்ஸ்பேரன்ட் என்று கொடுங்கள், விழும்.